பதினோராவது கூறு

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைத்தான் ஜெயத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அது அணைந்தபோது வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. வைத்திக்குப்பத்துக் கரையில், வலை பின்னும் கூடத்துக்குப் பக்கத்தில், பத்துப் பெண்கள் சேர்ந்து வைத்திருந்த சோலார் குளிர் அறை அது. கூரையின் மேல் தகடுகள் எப்போதும்போல வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தன. ஆனால் கதவுக்கு மேலே பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தது. உள்ளே இரைந்துகொண்டிருந்த இயந்திரம் நின்றுபோயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. காற்றும் மழையுமாக ஒரு வாரம் படகு போகாமல் கிடந்து, அன்றைக்குத்தான் மீன் கரை சேர்ந்திருந்தது. அவசர அவசரமாக அடுக்கினார்கள், கதவை இழுத்துச் சாத்தினார்கள், போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு வைத்த மீன் அது. விடியற்காலையில் கதவைத் திறந்த பச்சையம்மாளின் முகத்தில் சூடான மூச்சு ஒன்று வந்து அடித்தது.

அதன் பிறகுதான் ஜெயம் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அறையை வைத்துக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. தவணை நிலுவை காரணமாக அவர்களுடைய கருவி தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கிறதாம்.

இன்று திங்கட்கிழமை. யாரும் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆனாலும் பச்சை விளக்கு தானாக எரிகிறது, இயந்திரம் ஓடுகிறது, அறை சில்லிட்டுக் கிடக்கிறது. ஏனென்றால், இந்த அறைக்கு முதல் போட்டவர்கள் இன்று வெளிநாட்டிலிருந்து வந்து அதைப் பார்க்கப் போகிறார்கள்.

“நமக்கு இல்லாத கரண்டு விருந்தாளிக்கு வந்துடுச்சு பாத்தியா,” என்றாள் பச்சையம்மாள். பத்துப் பேரில் அவள்தான் மூத்தவள். ஜெயத்துக்குத் தூரத்து முறையில் அத்தை. “பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு நாற்காலி தொடைச்சுப் போடற மாதிரி.”

ஜெயத்துக்குக் கோபப்படத் தெரியும். கடனுக்கு மீன் வாங்கிப் போய்ப் பிறகு தெருவை மாற்றிக்கொண்டு நடக்கிறவரை மார்க்கெட் நடுவில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள். துறைமுகத்து ஏலத்தில் விலையை இறக்குகிற வியாபாரியிடம் தொண்டை கட்டும் வரை கத்தியிருக்கிறாள். அந்தக் கோபங்களுக்கெல்லாம் எதிரே ஒரு முகம் இருந்தது. இதற்கு இல்லை. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவருடைய விரல், சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பொத்தானைத் தட்டியிருக்கும். நேற்று முழுக்க அவள் அந்த விரலையே நினைத்துக்கொண்டிருந்தாள். மோதிரம் போட்ட விரலா, மருதாணி வைத்த விரலா என்றுகூட யோசித்தாள்.

அதைவிட அவளை அரித்தது வேறொன்று. செய்தியைப் படித்தவுடன் அவள் செய்த முதல் காரியம், போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தது. திருடியவள்போல. நான் ஏன் கூசினேன், என்ன தப்புச் செய்தேன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். நாறிப்போனது தன் மீன், நின்றுபோனது தன் வியாபாரம், கூசியதும் தானேயா. அந்தக் கூச்சத்தைத் தனக்குள் வைத்தவர்கள்மீது வந்த கோபம், மீன் கெட்டதற்கு வந்த கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் கம்பெனி ஆட்கள் வந்து அறையின் பக்கச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதில் ஆள் உயரத்துக்கு ஜெயமே இருந்தாள். இரண்டு கையிலும் ஒரு வஞ்சிரத்தை ஏந்திக்கொண்டு, கண் மூடிப்போகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ‘சூரியனோடு கைகோத்த ஜெயம்’ என்று மேலே எழுதியிருந்தது.

அந்தச் சிரிப்பு அவளுக்கு ஞாபகம் இருந்தது. அறை வந்து இறங்கிய நாளில் எடுத்த படம். போட்டோக்காரனுக்குப் பின்னால் அவள் புருஷன் பலராமன் நின்றுகொண்டு, அவன் ஒரு கண்ணைச் சுருக்குவதைப் போலவே தானும் சுருக்கிக் காட்டினான். அவன் அப்படி விளையாடி வெகுநாள் ஆகியிருந்தது. அவனுக்காகச் சிரித்த சிரிப்பு அது. சூரியனுக்காகவும் இல்லை, கம்பெனிக்காகவும் இல்லை. அதை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் ஊர் ஊராகக் காட்டியிருக்கிறார்கள். நிலுவைக்காரி என்று ஒரு கையால் எழுதி, இன்னொரு கையால் அவள் சிரிப்பைச் சுவரில் கட்டியிருக்கிறார்கள்.

*

முதலில் அந்த அறையைக் கொண்டுவந்தவன் கம்பெனியில் வேலை பார்த்த விஜய் என்ற பையன். நல்ல பேச்சுக்காரன். மார்க்கெட்டில் சாயங்காலம் மீந்துபோகிற மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை, ஐஸுக்குக் காசு கரைய வேண்டியதில்லை, வெயில் இலவசம் என்றான். வெளிநாட்டில் நல்ல மனசுக்காரர்கள் இதற்காகவே பணம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றான். நிலக்கரி எரிந்து உலகம் சூடாகிறதாம், அதைத் தடுக்க அவர்கள் முதல் போடுகிறார்கள், நீங்கள் உழைக்கிறீர்கள், இரண்டு பேரும் கூட்டாளிகள் என்று சொன்னான்.

முதல் போட்டவனுக்கும் உழைப்பவனுக்கும் நடுவில் என்ன வழக்கம் என்று குப்பத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. படகு கரை சேர்ந்து மீன் விற்றதும், டீசலும் ஐஸும் போக மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். போன ஆளுக்கு ஒரு பங்கு. வலைக்கு ஒரு பங்கு. எஞ்சினுக்கு ஒரு பங்கு. எஞ்சின்காரன் கடலுக்குப் போக வேண்டாம், கரையில் நின்றாலே அவன் பங்கு வந்துவிடும். ஆனால் வெறும் படகு திரும்பினால் அவனும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போவான். நாளைக்கு எடுத்து வை என்று யாரையும் கேட்க மாட்டான். அப்படிக் கேட்ட எஞ்சின்காரன் என்று ஒருவனைக் குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

அதனால் பச்சையம்மாள் அன்றைக்கு அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வெறும் படகு வந்தா?

“வெறும் படகு வந்தா நாங்களும் வெறுங்கைதான் அத்த,” என்று விஜய் சிரித்தான்.

பத்துப் பேர் முன்னால் சொன்ன வார்த்தை. அதற்குப் பிறகு எத்தனை தாளில் எங்கெங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பேச்சு முடிந்துவிட்டது, தாள் சும்மா சர்க்காருக்கு என்றுதான் எல்லாருக்கும் எண்ணம்.

வாரா வாரம் அறையால் கிடைத்த மிச்சத்தைப் பதினொன்றாகப் பிரித்தார்கள். பத்துப் பேருக்குப் பத்து. பதினொன்றாவது அறைக்கு. அதைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். பச்சையம்மாள் அறைக்குப் பதினொண்ணாவது பொம்பளை என்று பெயர் வைத்தாள். வாய் திறக்காமல் வேலை செய்கிற ஒரே பொம்பளை இவள்தான் என்பாள்.

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. சின்னப் படகுகள் கொண்டுவந்த கொஞ்ச மீன் அன்றன்றைக்கே விற்றுப்போனது. அறையில் வைக்க எதுவும் இல்லை. பங்கு போட ஒன்றுமில்லை, அதனால் யாரும் அனுப்பவில்லை. அதில் யாருக்கும் உறுத்தலும் இல்லை. தடை முடிந்தபோது கானாங்கெளுத்தி கொட்டோ கொட்டென்று கொட்டியது. பதினோராவது கூறு வழக்கத்தைவிட இரண்டு பங்காகப் போனது. கூட்டாளிக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஜெயம் தன் கையாலேயே அனுப்பினாள். அனுப்பும்போது அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. பார்க்காத ஊரில் இருக்கிற யாரோ ஒருவர் வீட்டில், வைத்திக்குப்பத்து மீனால் அன்றைக்கு நல்ல சாப்பாடு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பணம் தடைக்காலத்து நிலுவைக்கும் அபராதத்துக்கும் போய்விட்டது என்பது அவளுக்கு நேற்றுத்தான் தெரியும். விஜய் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தான். அவன் இடத்துக்கு வந்த சத்யப்பிரியா ரெட்டியார்பாளையத்துப் பெண். அவள் அப்பா மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்கிறவர். நேற்று ஜெயம் போன் போட்டுக் கேட்டபோது அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். மீன் வந்தாலும் வராவிட்டாலும் தவணை உண்டு என்று தாளில் இருக்கிறதாம்; மழைக் காற்றில் படகு போகாத வாரமும் கணக்கில் ஏறி, அதனால்தான் இயந்திரத்துக்குத் தூரத்திலிருந்தே பூட்டு விழுந்ததாம்.

கூட வந்த மாதத்தில் கூட வாங்கிக்கொண்டார்கள். குறைந்த மாதத்தில் கடன்காரி ஆக்கினார்கள். ஜெயம் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது.

*

வெயில் ஏறுவதற்குள் வேன் வந்தது. சத்யப்பிரியா முதலில் இறங்கி ஓடிவந்தாள். எல்லாரும் வந்துவிட்டார்களா, கொஞ்சம் மீனை உள்ளே வைத்துவிட முடியுமா என்று மெதுவாகக் கேட்டாள். காலி அறையாக இருந்தால் நன்றாக இருக்காதாம்.

“பூட்டு யாரு போட்டாங்க பாப்பா?” என்று கேட்டாள் ஜெயம்.

“யாரும் போடறதில்லக்கா. சிஸ்டமே பண்ணிடும்.”

“அப்போ தொறந்தது?”

சத்யப்பிரியா அவள் முகத்தைப் பார்க்காமல் வேனைப் பார்த்தாள்.

வேனிலிருந்து சென்னை மேலாளர் நாராயணசாமி இறங்கினார். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரர் ஒருவரும், முடி முழுக்க வெளுத்த ஒரு வெள்ளைக்கார அம்மாளும் இறங்கினார்கள். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தாள். எல்லாரையும் பார்த்து வணக்கம் சொன்னாள். முகத்தில் உண்மையான சந்தோஷம். அது ஜெயத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு பொல்லாத முகமாக இருந்திருந்தால் வேலை சுலபம்.

ஃப்ளெக்ஸையும் ஜெயத்தையும் மாறி மாறிப் பார்த்து அந்த அம்மாள் கை தட்டினாள். உள்ளே போய்க் குளிரை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தாள். மேலாளர் தகடுகளைக் காட்டினார், விளக்கைக் காட்டினார், தன் போனை எடுத்து அதில் அறையின் குளிர் எவ்வளவு என்று காட்டினார். சென்னையிலிருந்தே இதையெல்லாம் பார்க்கலாம், நிறுத்தலாம், ஓட்டலாம் என்று அவர் சொல்வது இங்கிலீஷில் இருந்தாலும் கையசைவில் புரிந்தது. வெள்ளைக்கார அம்மாள் தலையாட்டிக்கொண்டே ஜெயத்தின் பக்கம் திரும்பி, அன்பாக ஏதோ சொன்னாள்.

சத்யப்பிரியா அதைத் தமிழில் சொல்லத் தயங்கினாள். மேலாளர் சொல்லச் சொன்னார்.

“இந்தப் பூட்டு இருக்கறதாலதான் உங்கள மாதிரி ஆளுங்கள நம்பிப் பணம் போட முடியுதாம்க்கா. முன்னாடி யாரும் துணிய மாட்டாங்களாம். இப்ப நம்பிக்கையா போடறாங்களாம்.”

பூட்டுப் போட்டு வைத்தபிறகு நம்புவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது. ஜெயம் நம்பினாள். தாளைப் படிக்காமல், முகம் தெரியாத ஆளுக்கு இரண்டு பங்காக அனுப்புகிற அளவுக்கு நம்பினாள். அவள் கையில் எந்தப் பொத்தானும் இல்லை. நம்பியவள் முட்டாள், பூட்டியவர்கள் நல்ல மனசுக்காரர்கள்.

அவள் பேசத் தொடங்கினாள். குரலை உயர்த்தவில்லை. எஞ்சினுக்குப் பங்கு எப்படி என்று சொன்னாள். விஜய் சொன்ன வார்த்தையைச் சொன்னாள், அன்றைக்கு இருந்த பத்துப் பேரும் இங்கே நிற்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள். மேலாளர் குறுக்கே வந்தார். அந்த விஜய் இப்போது கம்பெனியிலேயே இல்லை, அவர் என்ன சொன்னார் என்பது தங்களுக்குத் தெரியாது, இதையெல்லாம் பிறகு தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் அம்மா என்றார்.

“பேசின ஆளு வேலைய வுட்டுப் போனா பேசின பேச்சும் கூடவே போயிடுமா சார்?” என்றாள் ஜெயம்.

பிறகு சுவர்ப் பக்கம் போனாள். ஃப்ளெக்ஸின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மேலாளர் சத்யப்பிரியாவைப் பார்த்தார். சத்யப்பிரியா தன் காலடி மணலைப் பார்த்தாள். குப்பத்தில் பழைய ஃப்ளெக்ஸில்தான் மீன் பரப்புவார்கள். அது யாருக்கும் புதிதில்லை. ஜெயம் அதைத் திருப்பிப் போட்டாள். சிரித்த முகம் மணலைப் பார்த்துக் கவிழ்ந்தது. வெள்ளைப் பக்கம் மேலே வந்தது.

கோழித் தீவன வண்டிக்காக வலைக்கூடத்து நிழலில் மூடி வைத்திருந்த கெட்டுப்போன மீன் பெட்டிகளைப் பச்சையம்மாளும் மற்றவர்களும் தூக்கி வந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஜெயம் அந்த ஃப்ளெக்ஸைத் திருப்பியபோதே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. மூடியைத் திறந்ததும் நாற்றம் எழுந்தது. வெள்ளைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

ஜெயம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூறு போட்டாள். மார்க்கெட்டில் போடுவதைப் போலவே, அடியில் சின்னது, மேலே பெரியது, தலை எல்லாம் ஒரே பக்கம். வயிறு வெடித்த கானாங்கெளுத்தி. கண் வெளுத்த கொடுவா. ஒரு கல்யாண வீட்டுக்கென்று சொல்லி வைத்திருந்த வஞ்சிரத்தை எடைபோட்டு வெட்டிப் பிரித்தாள். எந்தக் கூறும் கூடவில்லை, எந்தக் கூறும் குறையவில்லை. பத்தும் போட்டு முடித்தாள். பதினொன்றாவதைக் கையில் அள்ளிக் கொண்டுபோய், வந்தவர்களின் முன்னால் ஓரமாக வைத்தாள்.

“இது எஞ்சின் பங்கு,” என்றாள். “லாபத்துல வந்து சேந்துச்சில்ல. இதுவும் சேரணும். சொல்லு பாப்பா.”

மேலாளர் சொல்ல வேண்டாம் என்றார். சத்யப்பிரியா சொன்னாள். கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் எதையும் மழுப்பவில்லை என்பது வெள்ளைக்கார அம்மாளின் முகம் மாறிய விதத்திலேயே தெரிந்தது.

அந்த அம்மாள் நீளமாக மூச்சு விட்டாள். மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். பிறகு தன் போனை எடுத்து அந்தக் கூறுகளின் பக்கம் நீட்டினாள்.

ஜெயம் எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

“படம் வேணாம். பங்க எடுத்துக்கினு போவச் சொல்லு.”

*

வேன் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. சாப்பாடு பந்தி எல்லாம் ஏற்பாடு ஆகியிருந்தது, யாரும் உட்காரவில்லை. தீவன வண்டிக்காரன் பக்கிரி வந்து பத்துக் கூறையும் அள்ளிப் போட்டுக்கொண்டான். ஓரத்தில் ஒன்று விட்டுப்போகிறதே என்று குனிந்தான்.

“அது நம்முளுது இல்லடா,” என்றாள் பச்சையம்மாள். “வெளிநாட்டுக்காரங்களுது. வருவாங்க.”

சாயங்காலம் சத்யப்பிரியா தன் வண்டியில் தனியாக வந்தாள். முகம் கழுவாமல் வந்திருந்தாள். தடைக்கால மாதங்களுக்கு அபராதம் மட்டும் தள்ளிப்போட யோசிக்கலாம் என்று மேலாளர் சொல்கிறார், பூட்டுகிற ஏற்பாட்டை எடுக்க முடியாது, அதை எடுத்தால் வேறு எந்த ஊருக்கும் பணம் வராதாம் என்று சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டு நின்றவள், வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வந்து அந்தப் பதினோராவது கூறின் முன்னால் குனிந்தாள்.

ஜெயம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீ எடுக்காத.”

“நானும் கம்பெனிதானக்கா.”

“நீ கூலி. கூலிக்கு இதுல பங்கு கெடையாது கண்ணு. போய்க் கைய கழுவு.”

சத்யப்பிரியா குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாள். திரும்பி வந்தவளுக்கு ஒருத்தி டீ கொடுத்தாள்.

அன்றைக்கு இரவுக்குள் பத்துப் பேரும் பேசி முடிவுக்கு வந்தார்கள். வெறும் படகுக்கு வெறுங்கை என்ற பேச்சுத் திரும்ப வருகிறவரை அறையில் ஒரு மீன்கூட வைப்பதில்லை. அறையைத் திருப்பியும் கொடுப்பதில்லை. யாருக்கும் அது லேசான முடிவு இல்லை. பழையபடி தெர்மாக்கோல் பெட்டி, பழையபடி ஐஸ், மீந்ததைச் சாயங்காலம் பாதி விலைக்குத் தள்ளுவது. பலராமன் ஒருமுறை ஜெயத்திடம் கேட்டுப் பார்த்தான், எதற்கு இந்தப் பிடிவாதம், நல்ல அறை, சும்மா கிடந்தால் யாருக்கு லாபம் என்று.

யாருக்கும் இல்லை. அதைத்தான் அவளும் நினைத்தாள். மீன் வராமல், பங்கு வராமல், அறை சும்மா கிடக்கும். அவளுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. விஜய் சொன்னபடி, இப்போதுதான் அவர்கள் உண்மையாகவே கூட்டாளிகள்.

மறுநாள் விடியற்காலை கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பியபோது ஜெயம் அந்த வழியாகத்தான் போனாள். கதவுக்கு மேலே பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது; விருந்தாளிக்காகத் திறந்ததை யாரும் திரும்பப் பூட்டியிருக்கவில்லை. காலி அறைக்குள் இயந்திரம் ஓயாமல் குளிரைக் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில், ஒரு பூனைகூடத் தொடாமல், அவர்களுடைய கூறு அப்படியே இருந்தது. அவள் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.